வெனாச்சி படகும் ஒரு கையெழுத்தும்

சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். 2018-இல் மனைவியும் நானும் சேர்ந்து போனோம். 2024-இல் அவளுக்கு முட்டிவலி, நான் மட்டும் போனேன். அமெரிக்கா போய் வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளை நானே இங்கே கிண்டல் செய்திருக்கிறேன். நயாகரா, சுதந்திர தேவி சிலை, கோயில், பிறகு "தெருவில் ஒரு காகிதத் துண்டைப் பார்க்க முடியாது" என்று ஒரு வரி. அந்தப் பயத்திலேயே இதுவரை ஒன்றும் எழுதவில்லை.

இன்று எழுதப் போவது ஒரு படகைப் பற்றி. இங்கே வந்து படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் படகைப் பற்றிப் பேசினால் 2006-இல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2018 ஜூன் மாதம். வந்து ஒரு வாரம் ஆகியும் நான் வீட்டை விட்டு நகரவில்லை. மருமகள்தான், "மாமா, ஃபெர்ரில போயிட்டு வரலாம், உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். படகுதானே, அம்மா மண்டபத்தில் பார்க்காத படகா என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன்.

சியாட்டில் நகரத்தின் கடற்கரை ஓரத்தில் கோல்மன் டாக் என்று ஒரு துறை. அங்கிருந்து எதிரே இருக்கும் பெயின்பிரிட்ஜ் தீவுக்கு ஃபெர்ரி போகிறது. நடந்து போகிறவர்களுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டணம். தீவிலிருந்து திரும்பி வரும்போது யாரும் டிக்கெட் கேட்பதில்லை. தீவுக்குப் போனவன் எப்படியும் திரும்பி வரத்தானே வேண்டும் என்ற கணக்கு போலிருக்கிறது. 65 வயதுக்கு மேல் பாதிக் கட்டணம். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். நம் ஊர் சீனியர் சிட்டிசன் சலுகை ஞாபகம் வந்தது.

துறையில் நிற்பதைப் பார்த்ததும் படகு என்ற சொல் வாயில் வரவில்லை. 460 அடி நீளம், 90 அடி அகலம். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால் ஆறு ஐ.சி.எஃப். பெட்டிகளை வரிசையாகக் கோத்த நீளம். அகலத்தில் எட்டுப் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்திவிடலாம். கீழ்த் தளங்களில் 202 வண்டிகள் நிற்கும். கட்டிய காலத்துக் கணக்கின்படி 2,499 பயணிகள். இருபத்து நாலு பெட்டி முழுக்க ஸ்லீப்பராகப் போட்டால்கூட அவ்வளவு பேருக்கு இடம் கிடையாது.

வெள்ளை உடம்பு, பச்சைக் கோடு. பக்கவாட்டில் பெயர். மகன் படித்துக் காட்டினான்: வெனாச்சி.

இதே மாதிரி மூன்று இருக்கின்றன. டகோமா, வெனாச்சி, புயாலப். மூன்றும் அந்த நாட்டுப் பழங்குடி மொழிகளிலிருந்து வந்த பெயர்கள். கடைசிப் பெயரை அமெரிக்கர்களே தப்பாகத்தான் சொல்வார்களாம். 'ஜம்போ மார்க் டூ' என்பது இந்த வகையின் பெயர். 1972, 73-இல் வந்த 'ஜம்போ' வகைக்கு அடுத்தது என்பதால் அப்படி. மூன்றையும் சியாட்டில் துறைமுகத்திலேயே கட்டியிருக்கிறார்கள். 1997-இலிருந்து 1999-க்குள் வரிசையாக ஓட ஆரம்பித்தன. டகோமாவும் வெனாச்சியும் பெயின்பிரிட்ஜ் வழியில். புயாலப் வடக்கே எட்மண்ட்ஸ் என்ற ஊரிலிருந்து கிங்ஸ்டனுக்கு.

இவ்வளவு பெரிய படகு எதற்கு என்று கேட்டேன். மகனுக்குத் தெரியவில்லை. படகில் மாட்டியிருந்த பழைய படங்களைப் பார்த்தும், வீட்டுக்கு வந்து படித்தும் நானே தெரிந்துகொண்டேன். அந்தக் கடல் பகுதிக்குப் பியூஜெட் சவுண்ட் என்று பெயர். பனிப்பாறைகள் அறுத்துவிட்டுப் போன பள்ளத்தில் கடல் புகுந்த இடம். அதனால் ஆழம் மிக அதிகம். ஒரு காலத்தில் சின்னச் சின்ன நீராவிப் படகுகள் கொசு மாதிரி எல்லா ஊருக்கும் போய்க்கொண்டிருந்தன. 'கொசுப் படை' என்றே அவற்றுக்குப் பெயர். பிறகு கார் வந்தது. காரை ஏற்றுகிற படகு வந்தது. தனியார் கம்பெனி நடத்திக்கொண்டிருந்ததை 1951-இல் மாநில அரசு வாங்கிக்கொண்டது. பாலம் கட்டும் வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான். அந்தப் பாலங்கள் கடைசி வரை வரவில்லை. தற்காலிக ஏற்பாடு அந்த நாட்டிலேயே மிகப் பெரிய ஃபெர்ரி நிர்வாகமாக வளர்ந்துவிட்டது. தற்காலிகம் என்று ஆரம்பித்ததெல்லாம் நிலைத்து நிற்பது நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

படகுக்குள் ஏறியதும் மனைவி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அங்கே மேஜைகளில் படத்தை வெட்டித் துண்டாக்கிய புதிர் விளையாட்டு வைத்திருக்கிறார்கள். யாரோ ஆரம்பித்துப் பாதியில் விட்டுப் போவார்கள். அடுத்த நடையில் வருகிறவர் நாலு துண்டு வைப்பார். அவர் இறங்கிப் போவார். இப்படியே ஒரு படம் முடியும். என் மனைவி ஒரு மரத்தின் பாதியை முடித்தாள். இறங்கும்போது அதை விட்டுவர மனசில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு உட்காரப் பொறுமை இல்லை. முன் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நடந்தேன். முன் பக்கத்தில் ஒரு மாலுமி அறை, உயரத்தில். பின் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே மாதிரி ஒரு மாலுமி அறை. கீழே வண்டி நுழைகிற வாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எது முன்னால், எது பின்னால் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். இந்தப் படகுக்கு முன் பின் கிடையாது. இரண்டு முனையிலும் ஒரு புரொப்பல்லர், ஒரு சுக்கான், ஒரு மாலுமி அறை. முன், பின் என்று சொன்னால் குழப்பம் என்பதால் ஊழியர்கள் ஒன்றாம் முனை, இரண்டாம் முனை என்கிறார்கள். சியாட்டிலில் ஒரு வாய் வழியாகக் கார் ஏறும். தீவில் மறு வாய் வழியாக நேராக இறங்கிப் போகும். யாரும் ரிவர்ஸ் எடுக்க வேண்டாம். திரும்பும்போது கப்பலைத் திருப்ப வேண்டாம். கேப்டன் இந்த முனை அறையிலிருந்து அந்த முனை அறைக்கு மாறினால் போதும். இருநூறு காரையும் இறக்கி, இருநூறு காரையும் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம்.

ரயில்வேக்காரனுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். நீராவி எஞ்சின் காலத்தில் ஒவ்வொரு பெரிய ஷெட்டிலும் டர்ன் டேபிள் இருந்தது. எஞ்சினை அதில் ஏற்றி, ஆள் வைத்துத் தள்ளித் திருப்புவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறேன். டீசல் வந்த பிறகும் ஒரு பக்கம்தான் கேபின். நீண்ட மூக்கு முன்னால் வரும்படி ஓட்ட நேர்ந்தால் டிரைவருக்குப் பாதி வழி தெரியாது. நான் ஓய்வு பெறும் சமயத்தில்தான் இரண்டு பக்கமும் கேபின் வைத்த டீசல் எஞ்சின்கள் வர ஆரம்பித்தன. டிரைவர்கள் கும்பிட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கு மறக்க முடியாமல் போனது வேறு. சங்கு ஊதிக் கப்பல் கரையை விட்டு விலகியது. நான் வண்டித் தளத்தில் ஒரு இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். தூண் வழியாகக் கைக்குள் ஒரு அதிர்வு ஏறியது. கூடவே சத்தம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தெரிந்த சத்தம்.

பழைய ஆல்கோ எஞ்சின் சத்தம் உங்களுக்குத் தெரியும். டக டக டக என்று பெரிய மனுஷன் இருமுவது மாதிரி. நாங்கள் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஈ.எம்.டி. எஞ்சின் வந்தது. டபிள்யூ.டி.ஜி.4, டபிள்யூ.டி.பி.4. முதலில் இறக்குமதி, பிறகு வாரணாசியிலேயே கட்டினார்கள். பதினாறு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 4,000 குதிரைத் திறன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 710 கன அங்குலம், அதனால் 710 என்றே பெயர். ஆல்கோ இருமும் என்றால் இது ஒரே மூச்சாக முனகும். அதன் மேல் டர்போவின் மெல்லிய விசில். கடைசிப் பத்து வருஷம் என் காதுக்குள் இருந்தது அந்தச் சத்தம்தான். தூக்கத்தில் கேட்டாலும் எந்த சிலிண்டர் சரியில்லை என்று சொல்வேன் என்று ஜம்பம் அடித்துக்கொள்வேன்.

பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் நின்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "எஞ்சின்... ஈ.எம்.டி.?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டி இல்லை, பேன்ட்தான். இருந்தாலும் இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்திருப்பார். "யெஸ் சார், சிக்ஸ்டீன் செவன் டென், ஃபோர் ஆஃப் தெம்" என்றார். நாலு! "ஐ, இண்டியன் ரயில்வேஸ், சேம் எஞ்சின்" என்றேன். அவர் கையை நீட்டினார். குலுக்கினோம். அதற்கு மேல் பேச எங்கள் இரண்டு பேருக்கும் பாஷை இல்லை. ஆனால் முழுதாகப் பேசி முடித்தது போலத்தான் இருந்தது.

இந்தப் படகும் டீசல் எலக்ட்ரிக்தான். எஞ்சின் நேராகப் புரொப்பல்லரைச் சுற்றுவதில்லை. எஞ்சின் மின்சாரம் உண்டாக்கும், அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் புரொப்பல்லரைச் சுற்றும். நம் லோகோவில் டிராக்ஷன் மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிற மாதிரியேதான். இரு முனைப் படகுக்கு இது ரொம்ப வசதி. நாலு எஞ்சினும் நடுவில் நிற்கும், எந்த முனைக்கு வேண்டுமோ அந்த முனைக்கு கேபிள் வழியாகச் சக்தியை அனுப்பலாம். மொத்தம் 13,200 குதிரைத் திறன். வேகம் 18 நாட். முப்பத்தைந்து நிமிஷத்தில் தீவு வந்துவிட்டது. வழியில் ரெய்னியர் மலை தெரிந்தது என்று மனைவி சொன்னாள். நான் பார்க்கவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அந்த இரண்டு மாதத்தில் ஏழு தடவை அந்தப் படகில் போய் வந்தேன். மகன் ஆபீஸ் போனதும் பஸ் பிடித்து நானே போய்விடுவேன். தீவில் இறங்கி அடுத்த நடையில் திரும்பிவிடுவேன்.

2024-இல் போனபோதும் முதல் வாரமே துறைக்குப் போனேன். டகோமா நின்றது. வெனாச்சியைக் காணோம். ஒரு வாரம் பார்த்தேன், வரவில்லை. மகனிடம் சொன்னேன். அவன் ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு, "அதை ஹைபிரிடா மாத்துறாங்கப்பா. 2023-லயே யார்டுக்குப் போயிருச்சு. நாலு எஞ்சின்ல ரெண்டைக் கழட்டிட்டு பேட்டரி வைக்கிறாங்க" என்றான். பிறகு தேடிக்கொண்டே போனவன், "இது 2021-ல தீப்பிடிச்சிருக்கு போல இருக்கேப்பா. எஞ்சின்ல" என்றான்.

எனக்குத் திக்கென்றது. என்ன எஞ்சினில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அமெரிக்காவில் போக்குவரத்து விபத்துகளை விசாரிக்க ஒரு தேசியக் குழு இருக்கிறது. அவர்களுடைய அறிக்கை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் கிடக்கிறது. மகன் அச்சடித்துக் கொடுத்தான். மூன்று நாள் வைத்துக்கொண்டு படித்தேன். இங்கிலீஷ்தான் தகராறு. எஞ்சின் பாகங்களின் பெயரெல்லாம் என் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி.

நடந்தது இது. எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹால் செய்து மாட்டிய பிறகு, 2021 ஏப்ரல் 22-ஆம் தேதி வெனாச்சியைச் சோதனை ஓட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பயணிகள் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓவர்ஹால் ஆன எஞ்சின் உள்ளேயே உடைந்து, துண்டுகள் வெளியே பறந்து, தீப்பிடித்தது. தீயை அணைத்துவிட்டார்கள். யாருக்கும் காயம் இல்லை. சேதம் மட்டும் லட்சக்கணக்கான டாலர்.

காரணம் என்று ஒரே ஒரு வாக்கியம். கனெக்டிங் ராட் கிராங்க் ஷாஃப்டை விட்டுக் கழன்றது. ஓவர்ஹாலின்போது அதன் கீழ் பாஸ்கெட் போல்ட்டுகள் போதுமான அளவு இறுக்கப்படவில்லை.

ஈ.எம்.டி. எஞ்சினில் வேலை செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிரெதிர் சிலிண்டர்களின் இரண்டு ராடுகள் கிராங்க் ஷாஃப்டில் ஒரே இடத்தில் உட்காரும். ஒன்று கவட்டை மாதிரிப் பிளந்திருக்கும், இன்னொன்று அதற்குள் நுழையும். கவட்டை ராடைக் கீழேயிருந்து இரண்டு பாதியாக ஏந்திப் பிடிப்பது பாஸ்கெட். அந்தப் பாதிகளைச் சேர்க்கிற போல்ட்டுகள்தான் இவை. கைக்கு அடங்குகிற சின்ன போல்ட். இதை டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு, சொன்ன வரிசையில் இறுக்க வேண்டும். குறைந்தால் தளரும். தளர்ந்தால் ராட் கழலும். ராட் கழன்றால் எஞ்சின் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும்.

இது எனக்கு எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

2006. நான் ஒரு டீசல் ஷெட்டில் செக்ஷன் இன்ஜினியர். எந்த ஷெட் என்பது வேண்டாம். அந்த ராத்திரி ஒரு ஈ.எம்.டி. லோகோவில் இரண்டு பவர் அசெம்ப்ளி மாற்றினோம். வேலை பார்த்தவர் ஒரு ஃபிட்டர். அவர் பெயரும் வேண்டாம். விழுப்புரம் பக்கம். என்னைவிட எட்டு வயது சின்னவர். வேலையில் சுத்தம். காலிபரேஷன் ஆன டார்க் ரெஞ்ச் இன்னொரு கேங்கிடம் இருந்தது. பழசை வைத்து இறுக்கிவிட்டு வந்து, "சார், அந்த ரெஞ்ச் வரட்டும், இன்னொரு தடவை பாத்துட்டு மூடிடறேன்" என்றார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கன்ட்ரோலிலிருந்து மூன்றாவது தடவையாக ஃபோன். எஞ்சின் எப்போது தருவீர்கள், வண்டி நிற்கிறது என்று. நான் ஃபிட்டரிடம் சொன்னேன்: "டைட் பண்ணியாச்சில்ல? போதும்பா, மூடு."

அவர் மூடினார். டார்க் சரிபார்க்கப்பட்டது என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பதினோராவது நாள் அந்த லோகோ நடுவழியில் நின்றது. ராட் கிராங்க் கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பயணிகள் வண்டி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரணை வந்தது. பாஸ்கெட் போல்ட் தளர்ந்ததுதான் காரணம் என்று முடிவாயிற்று. அதிகாரி என்னைக் கேட்டார், "நீங்கள் செக் செய்தீர்களா?" நான், "செக் ஷீட்டில் இருக்கிறது சார்" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஃபிட்டரைக் கேட்டார்கள். "டைட் பண்ணேன் சார்" என்றார். என் பக்கம் பார்க்கவில்லை. இன்னொரு ரெஞ்சுக்குக் காத்திருக்கிறேன் என்று சொன்னதை அவர் சொல்லவில்லை. நான் மூடச் சொன்னதையும் சொல்லவில்லை. அவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ.

அவருக்கு இன்க்ரிமென்ட் நிறுத்தினார்கள். அந்த வருஷத்துப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் தள்ளிப்போயிற்று. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. அதைக் கிழித்துப் போட்டேன். அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

2011-இல் நான் ஓய்வு பெற்றபோது ஷெட்டில் பாராட்டு விழா வைத்தார்கள். அந்த ஃபிட்டரும் பேசினார். "சார்கிட்டதான் வேலை கத்துக்கிட்டேன்" என்றார். நான் மாலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

சியாட்டிலில் அந்த அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று கவனித்தேன். போல்ட்டை இறுக்கியவர் பெயர் அதில் இல்லை. யாருடைய பெயருமே இல்லை. அவர்கள் குற்றம் யாருடையது என்று தேடுவதில்லையாம். என்ன நடந்தது, இனி எப்படித் தடுக்கலாம், அவ்வளவுதான். நல்ல முறை. நம்மிடம் இருந்திருந்தால் அந்த ஃபிட்டருக்கு அந்தத் தண்டனை வந்திருக்காது என்று முதலில் ஒரு ஆறுதல் தோன்றியது. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது அந்த ஆறுதல் நிற்கவில்லை. நம் விசாரணை முறை சரியில்லை என்று பழியை அங்கே இறக்கி வைக்கப் பார்க்கிறேன். எந்த முறையாக இருந்தாலும் அன்று அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு சம்பளம் குறைவு, பயம் அதிகம். அவர் பேசாததற்குக் காரணம் இருந்தது. இன்னொருவன் நான்.

திருச்சிக்குத் திரும்பி வந்து பத்து நாள் தள்ளிப்போட்டேன். பிறகு பழைய நண்பர் ஒருவரிடம் நம்பர் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு ஃபோன் செய்தேன். அவரும் 2019-இல் ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார். குரல் கேட்டதும், "சார்! எப்படி இருக்கீங்க சார்? அம்மா சௌக்கியமா?" என்றார். நலம் விசாரித்து முடித்து, நான் ஆரம்பித்தேன். "2006-ல அந்த லோகோ ஒண்ணு... ராட் வெளிய வந்துச்சே."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"ஆமா சார்."

"நீ ரெஞ்ச் வரட்டும்னு சொன்னே. நான்தான் மூடச் சொன்னேன். என்கொயரியில நான் அதைச் சொல்லியிருக்கணும். சொல்லலை. தப்பு என்னுதுப்பா."

அவர் உடனே "அதெல்லாம் விடுங்க சார்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்கத்தான் ஃபோன் செய்தேனோ என்னவோ. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரம்மா கேட்டுக்கிட்டே இருப்பா சார், அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கலன்னு. அந்த வருஷம் பெரிய பொண்ணு காலேஜ் சேர வேண்டிய வருஷம்" என்றார். பிறகு, "நீங்க இப்ப சொன்னீங்கன்னு அவகிட்ட சொல்லிடறேன் சார்" என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

என்ன திடீரென்று ஞாபகம் வந்தது என்று அவர் கேட்டார். வெனாச்சியைப் பற்றிச் சொன்னேன். நாலு எஞ்சின், பதினாறு சிலிண்டர், நம்முடைய அதே 710 என்றேன். பாஸ்கெட் போல்ட் என்றதும் மனிதர் பழையபடி ஃபிட்டர் ஆகிவிட்டார். "கீழ் போல்ட்டா சார், மேல் போல்ட்டா?" என்றார். கீழ் போல்ட் என்றேன். "அதான் சார். மேல இருக்கிறதுக்குக் கை போகும். கீழ இருக்கிறதுக்குத்தான் தலையக் குனியணும்" என்றார். அரை மணி நேரம் பேசினோம்.

ஃபோனை வைத்த பிறகு மனைவி சமையல் அறையிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "பதினெட்டு வருஷமா என்கிட்டகூடச் சொல்லலியே" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

2025 ஜூலையில் வெனாச்சி மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது என்று மகன் சொன்னான். கரையில் மின்னேற்றும் வசதி இன்னும் வரவில்லை, அது வரும் வரை படகில் மிச்சம் இருக்கிற டீசல் எஞ்சின்கள்தான் பேட்டரியை நிரப்புமாம். சத்தம் குறைந்திருக்கும். இன்னொரு தடவை போக முடிந்தால் அதே தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். இரண்டு எஞ்சின்தான் கேட்கும்.

விழுப்புரம் அதைவிடப் பக்கம். தை பிறந்ததும் மனைவியை அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். அவர் வீட்டுக்காரம்மாவிடம் நான் நேரில் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.